லாடோமட் 21: விறகுக் கொதிகலனுக்கு ஏற்ற துணைக்கருவி

சுவீடனில் விறகுக் கொதிகலனை வெந்நீர்ச் சேமிப்புத் தொட்டியுடன் இணைத்து வீட்டைச் சூடாக்குவோர் பொருத்தும் லாடோமட் 21, பம்பு, வெப்பநிலை வால்வு, ஒருவழி வால்வு மூன்றையும் ஒன்றாக அடக்கிய கருவியாகும். தொட்டியிலிருந்து திரும்பும் குளிர்ந்த நீர் நேரே கொதிகலனுக்குள் புகுந்தால், புகையிலுள்ள நீராவி உட்சுவரில் குளிர்ந்து நீராகி, தாருடனும் கரியுடனும் கலந்து கெட்டியாகப் படிந்து, நாளடைவில் எஃகையே அரித்துவிடும். அதனால்தான் இக்கருவி, கொதிகலனிலிருந்து வெளியேறும் சூடான நீரில் ஒரு பகுதியைக் கலந்து, உள்ளே திரும்பும் நீரை 60 டிகிரி செல்சியசுக்கு மேல் வைத்திருக்க முயல்கிறது. மின்சாரம் நின்றாலும் நீர் தானாகச் சுழல வழியிருப்பதை இதன் தலையாய சிறப்பாகக் கருதுகிறேன். தனி வால்வைவிட விலை கூடுதல்தான். இருந்தும் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. ஆனால் ஈர விறகை இட்டு, காற்றை அடைத்துப் புகையவிடுபவருக்கு எந்த வால்வும் உதவாது. ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழிறங்கிய விறகும் போதிய காற்றும் கட்டாயம் வேண்டும்.