மலைவீட்டு நாய்க்குத் தடையோட்டமா, மோப்பத் தேடலா?

கோடையில் உதகையில் தென்னிந்திய கென்னல் கிளப் நடத்தும் நாய்க் கண்காட்சியைப் பார்த்துத் திரும்புவோரில் பலர், தம் வீட்டு நாயையும் ஒரு விளையாட்டுக்குப் பழக்க விரும்புகிறார்கள். அஜிலிட்டி எனப்படும் தடையோட்டம், மறைத்த பொருளை மோந்து கண்டறியும் மோப்பத் தேடல் ஆகிய இரண்டில், நீலகிரியின் பெரும்பாலான வீடுகளுக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து.

1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கிய அஜிலிட்டியில், நாய் தடைகளைத் தாண்டி, குழாய்க்குள் புகுந்து, சீசாப் பலகையில் நடந்து, குறித்த வரிசையில் ஓடி முடிக்க வேண்டும். கூட ஓடுபவர் குரலாலும் உடலசைவாலும் வழிகாட்டலாமே தவிர நாயைத் தொடக்கூடாது. 60 செ.மீ. இடைவெளியில் நட்ட 12 கம்பங்களுக்கிடையே நெளிந்து செல்லக் கற்பிப்பதற்கே நெடுநாள் பிடிக்கும். குதித்து இறங்கும் அதிர்வு வளரும் எலும்புக்கு ஆகாது. கென்னல் கிளப்புகளின் பன்னாட்டு அமைப்பான எஃப்.சி.ஐ., 18 மாதம் நிறையாத நாயைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. இவற்றையெல்லாம் பொறுமையால் கடந்துவிடலாம். சமதளத்துக்கு எங்கே போவது? தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே அத்தனை அகலமான நிலம் அரிது. கிடைத்தாலும் மழைக்காலத்து ஈரப்புல்லில் வேகமாகத் திரும்பும் நாய் வழுக்கித் தோளையும் முழங்காலையும் காயப்படுத்திக்கொள்ளும். மேலும், இது கயிறில்லாமல் ஓடும் விளையாட்டு. சிறுத்தையும் காட்டெருமையும் வந்துபோகும் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் வேலியற்ற இடத்தில் நாயை அவிழ்த்துவிட எனக்கு மனம் வராது.

மோப்பத் தேடலை நீளக் கயிற்றுடனேயே நடத்தலாம். மழை வலுத்தால் வீட்டுக் கூடமே போதும். அட்டைப்பெட்டிகளுள் ஒன்றில் தீனியை ஒளித்துத் தொடங்கி, பிறகு கிராம்பு எண்ணெய் தொட்ட பஞ்சுக்கு மாறி, வாகனம், தோட்டம் என்று இடத்தை விரிக்க வேண்டும். இதில் அதிகம் கற்க வேண்டியவர் வளர்ப்பவரே: நாய் சட்டென்று தலை திருப்புவதையும் மூச்சு மாறுவதையும் கவனிக்கப் பழகாமல், அவசரப்பட்டு இடத்தைச் சுட்டிக்காட்டினால், அது மூக்கை நம்புவதை விட்டுவிட்டு நம் கையையே பார்க்கத் தொடங்கிவிடும். சரிவில் காற்றின் போக்கும் தெரிய வேண்டும். தெளிந்த நாளில், வெயில் ஏறுமுன் குளிர்ந்த காற்று பள்ளம் நோக்கி இறங்கும், வாசனையும் அதனுடன் இறங்கும். ஆகையால் நாயைக் கீழிருந்து மேலாகத் தேடவிட வேண்டும். வெயில் ஏறியபின் காற்று மேல்நோக்கித் திரும்பும்போது இந்த முறையையும் மாற்ற வேண்டும். ஓட முடியாத வயதான நாயும், அந்நியரைக் கண்டு ஒடுங்கும் நாட்டு நாயும் இதில் மனம் தேறுவதே எனக்கு மிகவும் பிடித்தது.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற, கண்ணால் கண்டு இரை துரத்தும் இனங்களுக்கு மட்டும் என் தீர்ப்பைத் தளர்த்துவேன். வேலியடைத்த மைதானம் கிடைத்து, அழைத்தவுடன் திரும்பி வரும் பழக்கமும் உறுதிப்பட்டால், அவற்றின் ஓட்டத்துக்கு அஜிலிட்டியே தகுந்த வடிகால். அதுவரை தடைக்கம்பைத் தரையிலேயே கிடத்தி, நிற்கவும் திரும்பவும் மட்டும் பழக்கலாம்.