சர்வீஸுக்கு விட்ட சைக்கிளில் சக்கர லீவரை மாற்றிவிடுகிறார்கள்

பெங்களூரில் மலைப்பாதை சைக்கிள் ஓட்டுபவர்கள், அதிலும் அண்மையில் சர்வீஸுக்கு விட்டவர்கள், முதலில் போய் உங்கள் முன்சக்கரத்தின் லீவரைப் பாருங்கள்.

ஜெயநகர்ப் பக்கம் ஒரு கடையில் என் சைக்கிளைச் சர்வீஸுக்கு விட்டேன். திரும்பி வந்தபோது இரண்டு சக்கரங்களிலும் குயிக் ரிலீஸ், அதாவது ஸ்பேனர் இல்லாமலே சக்கரத்தைக் கழற்றி மாட்ட உதவும் லீவர், மாறியிருந்தது. ஷிமானோ நிறுவனத்தின் எஃகு லீவர் இருந்த இடத்தில் சிவப்புச் சாயம் ஏற்றிய அலுமினியம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எடை குறைவு, இப்போது எல்லோரும் இதைத்தான் போடுகிறார்கள் என்று சொல்லி, பில்லில் 1,400 ரூபாய் சேர்த்திருந்தார்கள். பழையது எங்கே என்றால், குப்பைக்குப் போய்விட்டதாம். நல்ல எஃகுப் பாகத்தை எந்தக் கடைக்காரர் குப்பையில் போடுவார்?

அடுத்த வாரம் துரஹள்ளிக் காட்டின் இறக்கத்தில் முன் பிரேக்கை அழுத்தியதும் 'டக்'கென்று ஒரு சத்தம். டிஸ்க் கிறீச்சிட்டது. இறங்கிப் பார்த்தால், லீவர் மூடியபடியே இருக்கிறது. ஆனால் இடப்பக்க அச்சு, சக்கரத்தை இருபுறமும் தாங்கும் ஃபோர்க்கின் பள்ளத்திலிருந்து நழுவி, நுனியில் உள்ள சிறு விளிம்பில் தொங்குகிறது. அந்த விளிம்பு இல்லாதிருந்தால் சக்கரமே கழன்றிருக்கும்.

அல்சூரில் ஒரு மெக்கானிக் அண்ணன் இரண்டு வகையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். நல்ல வகையில், லீவரைத் திருப்பும்போது இறுக்கும் கேம், உருண்டையான உலோகக் கூட்டுக்குள் கிரீஸோடு மறைந்திருக்கும். எனக்கு மாட்டியதில் லீவரின் அடி இரண்டாகப் பிளந்து, வளைந்த பிளாஸ்டிக் வாஷர் மேல் வெளியே தெரியும்படி உட்கார்ந்திருக்கிறது. அங்கே புழுதி ஏறினால் கையின் பலமெல்லாம் உராய்விலேயே போய்விடும். "கைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும் தம்பி, அச்சைப் பிடிக்காது" என்றார். லீவருக்கு மறுமுனையில் உள்ள நட்டின் உள்முகத்தையும் தடவிப் பார்க்கச் சொன்னார். நல்ல வகையில் எஃகுப் பற்கள் ஃபோர்க்கைக் கடித்துப் பிடிக்கும். இதிலோ வழவழவென்று அலுமினியம்.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இது விளையாட்டில்லை. பிரேக் பிடிக்கும் பாகம் ஃபோர்க்கின் பின்புறம் இருப்பதால், அழுத்தும் ஒவ்வொரு முறையும் அச்சைப் பள்ளத்திலிருந்து கீழே தள்ளும் விசை பிறக்கிறது. அதை முதலில் தடுப்பது அந்த லீவரின் பிடிதான். ஃபோர்க்கிலேயே திருகி நுழையும் தடித்த த்ரூ ஆக்சில் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கடைக்குத் திரும்பிப் போனால், ஓட்டுபவர் சரியாக இறுக்கவில்லை என்கிறார்கள். இவ்வளவு சின்னப் பொருளுக்கு இவ்வளவு பேச்சா என்றும் கேட்டார்கள். 2015இல் ட்ரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இதே சின்ன லீவருக்காகத்தான். அளவுக்கு மீறித் திறந்தால் அது முன் டிஸ்க்கில் சிக்கியது.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை. உங்கள் சைக்கிளிலும் கேட்காமல் மாற்றியிருந்தால், கழற்றும் முன் படம் எடுத்து, பில்லோடு பத்திரப்படுத்துங்கள். மூடிய கேம் உள்ள எஃகு லீவர் மாட்டும்வரை இறக்கப் பாதைப் பக்கம் போகாதீர்கள்.