நேரே தலைமைப் பயிற்சியாளரா, முதலில் உதவியாளரா?

ஆடி ஓய்ந்த ரக்பி லீக் வீரர் உடனே தலைமைப் பொறுப்பை ஏற்பதா, யாருக்காவது கீழே இருந்து தொழில் கற்பதா? ஆஸ்திரேலியக் கிளப்பான கான்பரா ரெய்டர்ஸில் ஒன்றாக ஆடிய இருவரைப் பார்க்கலாம்.

தொடக்கம்
மால் மெனிங்கா: 1994-ல் கோப்பையோடு விடைபெற்ற அணித்தலைவர். 1997-லேயே அதே அணியின் தலைமைப் பயிற்சியாளர்.
கிரெய்க் பெல்லமி: நட்சத்திரமல்ல, உழைப்பாளி. பிரிஸ்பேன் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர் வெய்ன் பென்னட்டிடம் 1998 முதல் 2002 வரை உதவியாளர் வேலை. அப்புறம்தான் மெல்பர்ன் ஸ்டார்ம் கிளப்பின் தலைமைப் பயிற்சியாளர்.

கிளப் வேலை
மெனிங்கா: 2001 வரை 5 பருவங்கள், ஒரு இறுதிப்போட்டிகூட இல்லை.
பெல்லமி: 2012, 2017, 2020 பட்டங்கள். 2007, 2009 பட்டங்கள், வீரர்களுக்கு ஒரு கிளப் தரக்கூடிய மொத்தச் சம்பளத்தின் வரம்பை மீறியதற்காகப் பறிக்கப்பட்டன. அந்தக் கறையையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வேறு கிளப்களில் ஒதுக்கப்பட்டவர்களை வாங்கி, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்துத் தேற்றுவதில் அவருக்கு ஈடு இல்லை என்பேன்.

மாநில அணி
நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் மாநிலத் தொடர்: ஆண்டுக்கு 3 ஆட்டம், சில நாள் முகாம். இங்கே கதையே மாறுகிறது. 2008 முதல் 2010 வரை நியூ சவுத் வேல்ஸைப் பயிற்றுவித்த பெல்லமி, மூன்று தொடரையும் மெனிங்காவின் குயின்ஸ்லாந்திடம் இழந்தார். மெனிங்கா 2006 தொடங்கி தொடர்ந்து 8 தொடர்களை வென்றவர். பெரிய வீரர்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டார்கள்.

வாராவாரம் கிளப்பை நடத்த ஆசையா? பெல்லமி போன வழிதான் சரி. பேரும் மரியாதையும் ஏற்கெனவே இருந்து, குறுகிய முகாமில் வீரர்களை ஒன்றுசேர்ப்பது கைவருமா? மாநில, தேசிய அணிப் பக்கம் போங்கள்.