ஓஎம்ஆரும் பறக்கும் ரயிலும்: நெடுநாள் பயணியின் மதிப்பீடு

சென்னையில் என் வீடு மந்தைவெளியில், வேலை சோழிங்கநல்லூரில். திருவான்மியூர் வரை தூண்கள் மேல் ஓடும் பறக்கும் ரயில், அங்கிருந்து பஸ்ஸில் தெற்கே ராஜீவ் காந்தி சாலை, அதாவது நம் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை). ஒன்று ரயிலுக்குப் போட்ட அரசுப் பணம், இன்னொன்று சாலைக்குப் போட்ட அரசுப் பணம். இரண்டையும் ஒரே பயணத்தில் பயன்படுத்துகிறவன் என்பதால் ஒப்பிட்டு எழுதலாம் என்று தோன்றியது.

முதலில் சாலை. 2008-ல் மத்திய கைலாஷ் முதல் சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலையாகத் திறந்தார்கள். அடுத்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது உண்மையிலேயே வேகமான சாலை. சுங்கம் கட்டினாலும் யாரும் பெரிதாக முணுமுணுக்கவில்லை. அப்புறம் துரைப்பாக்கம், காரப்பாக்கம், நாவலூர் என்று சாலையை நம்பியே அடுக்குமாடிகள் வந்தன. அடுக்குமாடி வந்தால் கார் வரும். கார் வாங்க முடியாதவர் பைக் வாங்கினார். சில வருடங்களிலேயே காலை ஒன்பது மணிக்குக் கந்தன்சாவடியில் நின்று நின்று போக ஆரம்பித்தோம். சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்று இன்றும் யாராவது சொன்னால், பெருங்குடியில் ஒரு நாள் நின்று பார்க்கச் சொல்வேன்.

என் பெரிய குறை நெரிசல் கூட இல்லை. ஆறு வழி போட்டவர்கள் அதில் ஒரு வழியைக்கூட பஸ்ஸுக்கு என்று ஒதுக்கவில்லை. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு வரும் 102-ஆம் எண் பஸ்ஸும், ஒற்றை ஆள் ஓட்டிவரும் காரும் ஒரே வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். பஸ்ஸில் ஏறுவதால் ஒரு நிமிடம்கூட மிச்சமாகாது என்றால், பைக் வாங்க வசதியுள்ளவர் எதற்கு ஏறுவார்?

இப்போது ரயில். 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை, 1997-ல் மயிலை வரை, 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. டிக்கெட் விலைக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை. மந்தைவெளியில் ஏறினால் மழை, ஊர்வலம், அரசியல் கூட்டம் எதுவும் நம்மைத் தொடாது. ஆனால் நிலையங்களைக் கட்டியவர்களுக்கு எந்தக் கணக்கு இருந்ததோ! கடைகள் வரும் என்று மாடி மாடியாக எழுப்பி, பெரும்பகுதியைக் காலியாகவே விட்டார்கள். இருட்டிய பிறகு அந்த வெற்றுக் கூடங்கள் வழியாகத் தனியாக இறங்க என் அலுவலகப் பெண்கள் பலர் தயங்குவார்கள். கீழே சாலையில் ஷேர் ஆட்டோவுக்கு அதிகக் காசு கொடுத்துப் போவதன் காரணம் வசதி இல்லை, வெளிச்சம்.

அதைவிடப் பெரிய கூத்து, தடம் போகும் திசை. திருவான்மியூர் நிலையம் டைடல் பார்க்கை ஒட்டி இருக்கிறது. ஐ.டி. வேலைகள் எல்லாம் அங்கிருந்து தெற்கே. ரயிலோ தரமணி, பெருங்குடி என்று மேற்கே வளைந்து வேளச்சேரிக்குப் போய்விடுகிறது. பெருங்குடி நிலையம் இருப்பது சதுப்பு நிலத்தின் பக்கம். ஓஎம்ஆர் பெருங்குடிக்கு வேலைக்கு வருகிற புது ஆள் அங்கே இறங்கினால் ஆட்டோதான் கதி. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு வெறும் 5 கிலோமீட்டர். 2008-ல் தொடங்கிய அந்த இணைப்புத் தட வேலை, கடைசி அரை கிலோமீட்டருக்கு நிலம் கிடைக்காமல் ஆண்டுக்கணக்கில் நின்றது. புறநகர் ரயிலோடும் மெட்ரோவோடும் கைகோக்க வேண்டிய தடம், முட்டுச் சந்தாகவே கிடந்தது.

திருவான்மியூரில் இறங்கிய பிறகுதான் உண்மையான சோதனை. மெட்ரோ வேலைக்காக நடுச்சாலையில் தகரத் தடுப்பு வந்ததும் நிறுத்தங்கள் இடம் மாறின. நான் ஏறும் இடத்தில் நிழற்குடை போய், ஒரு கம்பமும் கையால் எழுதிய எண்களும் மட்டும் மிச்சம். நடைபாதையில் பைக்குகள், அதனால் நாங்கள் தார்ச்சாலையில் நிற்போம். எங்களுக்கு முன்னால் ஷேர் ஆட்டோக்காரர் வண்டியைக் குறுக்கே போட்டு "சோளிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி" என்று கூவுவார். அதனால் பஸ் இரண்டாம் வழியில் நிற்கும். வயதானவர்கள் நடுச்சாலைக்கு ஓடி ஏற வேண்டும். பின்னால் கார்காரர் ஹாரன் அடித்து, பஸ்ஸால்தான் நெரிசல் என்று திட்டுவார்.

கட்டணத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஜனவரி பஸ் கட்டண உயர்வுக்குப் பிறகு என்னோடு வழக்கமாக வந்த முகங்கள் பல பைக்குக்கு மாறின. பெட்ரோலும் தவணையும் சேர்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்றார்கள். 2021 மே மாதம் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது நேர்மாறாக நடந்தது. வீட்டு வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் போகும் அக்காக்கள் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு பஸ்ஸுக்குத் திரும்பினார்கள். ஒரு கான்கிரீட் தூண்கூட இல்லாமல் பயண வழக்கத்தை மாற்றிய திட்டம் என்றால் நான் பார்த்தவரை இதுதான். அதற்கேற்ற எண்ணிக்கையில் பஸ் விட்டிருக்கலாம் என்பது வேறு விஷயம்.

சாலையை மட்டும் திட்டினால் நியாயம் இல்லை. மதுரவாயல்–துறைமுகம் பறக்கும் சாலைக்கு 2009-ல் அடிக்கல் நாட்டி, கூவத்தில் தூண் நிற்கிறது என்று 2012-ல் வேலையை நிறுத்தினார்கள். சரி. பக்கிங்ஹாம் கால்வாயில் வரிசையாகத் தூண் நட்டது எது? நான் தினமும் போகும் அதே ரயில். ரயில் என்றாலே பசுமை என்று கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட என்னால் முடியாது.

இப்போது ஓஎம்ஆர் மேல் மாதவரம்–சிப்காட் மெட்ரோ வருகிறது. இரண்டாம் கட்டம் மொத்தம் 63,246 கோடி ரூபாய், ஏறத்தாழ 119 கிலோமீட்டர். மத்திய அமைச்சரவை ஒப்புதல் 2024 அக்டோபரில்தான் கிடைத்தது. 2008-ல் சாலையோடு சேர்த்துச் செய்திருக்க வேண்டியதை, ஊரே குடியேறிய பிறகு சாலையைக் கொத்திச் செய்கிறோம். சாலை, பஸ், ரயில் எல்லாவற்றையும் ஒரே மேசையில் பேசத்தான் கும்டா என்ற சென்னைப் பெருநகர ஒருங்கிணைந்த போக்குவரத்து அமைப்பு. சட்டம் 2010-ல், நடைமுறைக்கு வந்தது 2019-ல்! 2025 செப்டம்பரில் வந்த 'சென்னை ஒன்' செயலியில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் ஒரே இடத்தில் டிக்கெட் எடுக்கலாம். அது நல்ல வேலை.

மதிப்பெண் கேட்டால் ரயிலுக்கு 10-க்கு 7. காலி மாடிகளுக்கும் வளைந்த திசைக்கும் மூன்று போயிற்று. சாலைக்கு 4, அதுவும் ஆரம்ப வருடங்களை நினைத்து. ஓஎம்ஆரில் வீடு பார்ப்பவர்கள் 'மெட்ரோ வரப்போகுது' என்ற விளம்பரத்தை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டிலிருந்து நிலையம் வரும் இடத்துக்கு ஒரு தடவை மழை நாளில் நடந்து பாருங்கள். நடைபாதை உண்டா, உள்தெருவுக்குச் சிற்றுந்து வருகிறதா, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அங்கே குடியிருப்பவர்களிடம் கேளுங்கள்.