ஊரில் தலையிடிக்கு மருந்தெடுத்த கதை

கனடாவில், ஸ்காபரோவிலிருந்து வெளிக்கிடும்போதே தலையிடியும் கூட வந்தது. இரண்டு வருடமாகப் பழகிய இடிதான். நெற்றியைச் சுற்றி யாரோ சீலையை இறுக்கிக் கட்டியதுபோல இரண்டு பக்கமும் அழுத்தும். பிடரியும் தோளும் கல்லாகிவிடும். சத்தி வராது, நடந்தால் கூடுவதில்லை, வேலைக்கும் போகலாம். அதனால்தான் இவ்வளவு நாளும் அலட்சியம்.

நல்லூர்த் திருவிழா நேரம். ஒன்பதரை மணி நேர வித்தியாசம், கொழும்பிலிருந்து இரவு பஸ், விடியமுன்பே ஒலிபெருக்கி. நித்திரை குழம்பியதில் மூன்றாம் நாள் எழும்ப முடியவில்லை. அம்மா சித்தாலேப பூசி, "வெயில் பட்டிட்டுது" என்று தீர்ப்புச் சொன்னார்.

முதலில் வீட்டுக்குக் கிட்ட உள்ள ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனேன். உள்ளே இரண்டு நிமிடம். பிறஷர்கூடப் பார்க்கவில்லை. நான்கு சின்னக் கடதாசி உறைகளில் குளிசை. மேலே காலை, இரவு என்று மட்டும் எழுதியிருந்தது. என்ன மருந்து என்று கேட்டால், "நோவுக்கு" என்றார்கள். நான் ஏற்கெனவே டைலனோல் போட்டுக்கொண்டிருந்தேன். டைலனோலும் பனடோலும் ஒரே மருந்து, பரசிற்றமோல்தான். உறைக்குள்ளும் அதுவே இருந்தால்? பெரியவர்கள் ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக் கூடாது, அதாவது 500 மில்லிகிராம் குளிசை எட்டு. பெயர் தெரியாமல் எப்படிக் கணக்கு வைப்பது? அந்த உறைகளை நான் தொடவே இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் மருந்தின் பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

பிறகு மச்சாள் நரம்பியல் நிபுணர் ஒருவரை சனல் பண்ணித் தந்தா, அதாவது தனியாரில் பார்க்கப் பதிந்து தந்தா. போனிலேயே நம்பர் எடுக்கலாம். ஆனால் அவர் அரசாங்க ஆஸ்பத்திரி வேலையை முடித்துவிட்டு வருகிறவர், சொன்ன நேரத்தை நம்பக் கூடாது. ஐந்து மணி என்றார்கள், ஏழே காலுக்குக் கூப்பிட்டார்கள். அதற்காக முறைப்பட மாட்டேன். ரொறன்ரோவில் இப்படியொரு நிபுணரைப் பார்க்க குடும்ப வைத்தியரின் கடிதமும் சில மாதக் காத்திருப்பும் வேண்டியிருந்திருக்கும்.

கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். பிறஷர், கைகால் பலம் பார்த்தார். தோள்சதையை அமத்தினார், துள்ளிவிட்டேன். பிறகு கேட்டார்: "மாசத்திலை எத்தனை நாள் குளிசை போடுறீங்கள்?"

இதை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. விரல் விட்டு எண்ணினேன். பதினெட்டு, இருபது வரும்.

"அப்ப இப்ப குளிசையும் சேர்ந்துதான் இடிக்குது."

பனடோல் போன்ற சாதாரண நோவுக் குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அதுவே தலையிடியைத் தரத் தொடங்குமாம். கஃபீன் போன்றவை கலந்த குளிசை என்றால் 10 நாளே போதும். ஸ்கான் எடுப்போமா என்று நானே கேட்டேன், தேவையில்லை என்றுவிட்டார். திடீரென வெடித்ததுபோல வரும் இடி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் சோர்தல் இருந்தால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார். 50 வயதுக்குப் பிறகு முதன்முதலாகத் தொடங்கும் தலையிடியையும் கட்டாயம் காட்ட வேண்டும்.

பனடோலை நிறுத்தச் சொல்லி, இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதினார். சின்ன அளவில் தலையிடி வராமல் தடுக்கவும், கூடிய அளவில் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் மருந்து அது. பாமசிப் பெடியன் துண்டைப் பார்த்துவிட்டு, "என்னண்ணை, ஏதும் கவலையோ?" என்று கடை முழுக்கக் கேட்கக் கேட்டான்.

உடற்பயிற்சிச் சிகிச்சை தந்த பிள்ளை நாடியை உள்ளே இழுத்து ஐந்து விநாடி வைத்திருக்கப் பழக்கினா. லப்டொப்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தச் சொன்னா. தலையணை இரண்டிலிருந்து ஒன்றாகியது.

முதல் வாரம் நரகம். குளிசையை விட்டதும் இடி கூடும் என்று டாக்டர் சொல்லித்தான் விட்டவர்; தேர் அன்று வீட்டில் படுத்தபடி அரோகராச் சத்தம் மட்டும் கேட்டேன். இரவுக் குளிசையால் காலையில் வாய் காய்ந்து, தலை மந்தமாக இருந்தது. பத்தாம் நாளுக்குப் பிறகுதான் இறுக்கம் விட்டது.

புறப்படமுன் டாக்டரிடம் குடும்ப வைத்தியருக்கு ஒரு கடிதம் கேட்டு வாங்கினேன். அம்மாவின் நாட்காட்டியில் இடித்த நாளுக்குப் புள்ளியும் நோவுக் குளிசை போட்ட நாளுக்கு வட்டமும் போட்டு வந்த பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. போன மாதம் வட்டம் மூன்று.