பரோலோவா, பார்பெராவா?

இத்தாலியின் பியட்மான்ட் பகுதியில், ஆல்பா ஊரைச் சுற்றியுள்ள லாங்கே குன்றுகளில் சிவப்பு ஒயின் வாங்கப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஒரே தயாரிப்பாளரிடமே இரண்டும் கிடைக்கும் என்பதால் குழப்பம் கூடுதல்.

திராட்சை: பரோலோ முழுக்க நெபியோலோ. பார்பெராவுக்குத் திராட்சையின் பெயரே ஒயினின் பெயர்.

ருசி: பரோலோ வெளிறிய சிவப்பு. நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம், வாயில் வைத்தால் நாக்கு வறண்டு போகும் அளவுக்குத் துவர்ப்பு. பார்பெரா அடர்ந்த நிறம். புளிப்பு தூக்கல், துவர்ப்பு குறைவு.

காத்திருப்பு: பரோலோ விற்பனைக்கு வரவே குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அப்புறமும் பல வருடம் வைத்திருந்தால்தான் துவர்ப்பு நன்றாக அடங்கும். பார்பெராவை வாங்கிய அன்றே திறக்கலாம்.

விலை: பரோலோ பல மடங்கு.

சாப்பாடு: பரோலோவுக்கு அதே ஒயினில் மணிக்கணக்கில் வேகவைத்த மாட்டிறைச்சி, அல்லது இலையுதிர் காலத்தில் வெள்ளை ட்ரஃபிள் (மண்ணுக்கடியில் விளையும் மணமான காளான்) சீவிப் போட்ட, 'தாயரின்' என்ற மெல்லிய முட்டை நூடுல்ஸ். கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தணிக்கும். நெத்திலியும் பூண்டும் எண்ணெயில் காய்ச்சிய பாஞா காவுடாவுக்குப் பார்பெராதான். அந்த நெத்திலியோடு பரோலோவின் துவர்ப்பு ஒத்துப்போகாது. தக்காளிச் சாஸ் பாஸ்தாவுக்கும் பார்பெராவே.

சரி, எதை வாங்குவது? ஏதோ ஒரு விசேஷத்துக்கு எடுத்து வைக்க ஒரு பரோலோ. இன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்றால், யோசிக்காமல் பார்பெரா.