வீட்டில் தைத்த சிறு துணிப்பொருட்கள்: பல ஆண்டுப் பயன்பாட்டில் உழைத்தவையும் உழைக்காதவையும்

ஜிப் வைத்த சிறு பைகள், தோளில் மாட்டும் துணிப்பைகள், தலைமுடிக்கான எலாஸ்டிக் வளையங்கள், சூடான பாத்திரம் பிடிக்கும் திண்டுத்துணிகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாக வீட்டிலேயே தைத்து அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். இவற்றைத் தைக்கும் முறையை விளக்குவோர் பலர் இருக்கின்றனர். தைத்த பொருள் பலமுறை துவைத்த பிறகு என்ன ஆகிறது, எந்த இடத்தில் முதலில் விட்டுப்போகிறது என்பதைப் பற்றிய குறிப்புகள் குறைவாகவே கிடைப்பதால் அதை மட்டும் இங்கே எழுதுகிறேன். வெளித்துணி நிறம் மங்கினாலும் பை உழைக்கும். உள்ளே மறைந்திருக்கும் தையல் விளிம்போ நூலோ கைவிட்டால் அன்றோடு அதன் பயன் முடிந்துவிடும்.

அதிகமாகப் புழங்கியவை ஜிப் பைகள். நீண்ட நாள் பயன்பாட்டில் இவற்றின் நடுப்பகுதிக்கு எதுவும் ஆவதில்லை. பக்கத்தையலோடு ஜிப் சேரும் இரு முனைகள்தான் முதலில் தளர்கின்றன. திறக்கும்போதும் மூடும்போதும் ரன்னர் (ஜிப்பின் மேல் ஓடும் இழுப்பான்) வந்து மோதுவது அங்கே; துணியும் லைனிங்கும் (உள்துணி) ஜிப் நாடாவும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்து நிற்பதும் அங்கே. ஜிப்பின் இரு முனைகளிலும் சிறு துணித்துண்டு ஒன்றை மடித்துத் தைத்து, பக்கத்தையலுக்குள் அந்தத் துணி மட்டும் போகுமாறு அமைத்த பைகளில் மூலைகள் இன்றும் சீராக இருக்கின்றன. அத்துண்டு வைக்காதவற்றில் மூலை உப்பலாக நின்று, தேய்ந்து, இறுதியில் நூல் விட்டது. ஜிப்பை ஒட்டி மூன்று மில்லிமீட்டர் தள்ளி வெளிப்பக்கம் ஒரு மேல்தையல் ஓட்டுவதையும் அலங்காரம் என்று கருதக் கூடாது. அது லைனிங்கை இழுத்துப் பிடித்து வைத்திருப்பதால்தான் ரன்னரில் துணி சிக்காமல் இருக்கிறது.

வீட்டுத் தையலுக்கு நைலான் சுருள் ஜிப்பையே பரிந்துரைப்பேன். வேண்டிய நீளத்துக்குக் கத்தரித்துக்கொள்ளலாம். அதன் மேல் ஊசி ஏறிச் சென்றாலும் பெரும்பாலும் பாதிப்பு இல்லை. உலோகப் பல்லில் ஊசி பட்டால் உடையும். ஜிப்பின் எண் என்பது மூடிய நிலையில் அதன் பல்வரிசையின் அகலத்தை ஏறத்தாழ மில்லிமீட்டரில் குறிக்கும். பேனாவும் சில்லறையும் வைக்கும் பைக்கு எண் 3 போதும். நாள்தோறும் பலமுறை திறக்கும் பைக்கு எண் 5 நெடுநாள் வரும். ஜிப் மூடிய பின் தானாக விரியத் தொடங்கினால், பெரும்பாலும் பல்லைக் காட்டிலும் ரன்னரே விரிந்திருக்கும். அதன் இரு பக்கங்களையும் குறட்டால் மெல்ல அழுத்தினால் மேலும் சில காலம் ஓடும்.

துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்து, காயவைத்து, இஸ்திரி போடுவது தவிர்க்கவே முடியாத வேலை என்பது என் உறுதியான கருத்து. பருத்தித்துணி முதல் துவையலில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு வரை சுருங்கக்கூடும். இருபது சென்டிமீட்டர் அகலமுள்ள பையில் அது ஒரு சென்டிமீட்டர் வரை வரும். வெளித்துணி சுருங்கி, பாலியஸ்டர் லைனிங் சுருங்காமல் நின்றால் பை முழுவதும் சுருக்கம் விழும்; அதை எந்த இஸ்திரியும் சரிசெய்யாது. பை விறைப்பாக நிற்க வெளித்துணியின் உட்புறம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸ் குமிழ்விடுவதற்கும் இதுவே பல நேரங்களில் காரணம். அதை ஒட்டும்போது இஸ்திரிப்பெட்டியைத் தேய்த்து நகர்த்தாமல், ஒவ்வோர் இடத்திலும் பத்துப் பதினைந்து விநாடிகள் அழுத்தி எடுத்து, முழுவதும் ஆறிய பின் கையில் எடுத்தால் பிடிமானம் நிலைக்கிறது. நெய்த கேன்வாஸ் வைத்த பைகள் துணியின் மடிப்போடு இணங்கிப் போகின்றன. காகிதம் போன்ற வகை நாளடைவில் கசங்கி, அந்தக் கசங்கல் கோடுகள் வெளியிலும் தெரிகின்றன.

தையலுக்கு வெளியே விளிம்பாக ஆறு மில்லிமீட்டர் துணி விடும் பழக்கம், சிறு துண்டுகளை இணைத்து விரிப்பு தைக்கும் ஒட்டுத்துணி வேலையிலிருந்து வந்தது. அங்கே மேலே ஓடும் குறுக்குத் தையல்கள் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பையில் அந்தத் துணை இல்லை. தளர்வாக நெய்த துணி ஒவ்வொரு துவையலிலும் உள்ளே பிசிறு விட்டுக்கொண்டே வர, ஒரு நாள் தையலே நழுவிவிடுகிறது. ஒரு சென்டிமீட்டர் விட்டு, விளிம்பில் ஜிக்ஜாக் ஓட்டிய பைகளில் இந்தத் தொல்லை வரவில்லை. தையல் நீளம் 2.5 மில்லிமீட்டர், அடிமூலைகளில் மட்டும் 2 மில்லிமீட்டர். சாதாரணப் பருத்திக்கு 80 எண் ஊசியும், பல அடுக்கு சேரும் இடங்களுக்கு 90 அல்லது 100 எண் ஊசியும் பொருந்துகின்றன. 80 என்றால் ஊசித்தண்டின் குறுக்களவு 0.8 மில்லிமீட்டர். மிகத் தடித்த இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றிக் கடப்பது ஊசிக்கும் இயந்திரத்துக்கும் நல்லது.

தோள்பைகளில் கைப்பிடி அறுந்ததே இல்லை; அதைச் சுற்றியுள்ள பைத்துணிதான் கிழிந்தது. கைப்பிடியைப் பையோடு இணைக்கச் சதுரமும் அதனுள் பெருக்கல் குறியுமாக ஓட்டும் கெட்டித்தையல் மிகவும் வலுவானது என்பதால், எடை முழுவதையும் அருகிலுள்ள மெல்லிய துணிமேல் இறக்கிவிடுகிறது. ஆகவே உட்புறம் தடித்த துணித்துண்டு ஒன்றை வைத்து, அதையும் சேர்த்துத் தைக்க வேண்டும். கைப்பிடிக்கான பட்டியைத் துணியின் கரைக்கு இணையாக, பாவு நூல் ஓடும் திசையில் வெட்டினால் எடையில் நீண்டு தொங்காது.

எலாஸ்டிக் வளையங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. துணிக்கு முன்பே எலாஸ்டிக் தளர்ந்துவிடும். துணியின் கடைசி இரண்டு அங்குலத்தைக் கையால் தைத்து மூடினால், பிரித்து எலாஸ்டிக்கை மட்டும் மாற்றலாம்.

பைகள் அனைத்துக்கும் பாலியஸ்டர் நூலையே பயன்படுத்துகிறேன். ஈரத்திலும் இழுப்பிலும் அது பருத்தி நூலைவிட நிலைத்து நிற்கிறது. பாத்திரம் பிடிக்கும் திண்டுத்துணி மட்டும் இதற்கு விலக்கு. பாலியஸ்டர் ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸில் உருகும். அதற்கு முன்பே இளகத் தொடங்கும். எனவே திண்டுத்துணியின் மேல்துணி, உள்ளே வைக்கும் பஞ்சு விரிப்பு, நூல் மூன்றுமே பருத்தியாக இருக்க வேண்டும். ஈரமான திண்டுத்துணி சூட்டை விரைவாகக் கைக்குக் கடத்திவிடும் என்பதால் எப்போதும் இரண்டு தைத்து, ஒன்று காயும்போது மற்றொன்றைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.